எஸ்எஸ்டி மாட்டியும் பூட் ஆகத் தாமதமா?

பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டினால் கணினி சில விநாடிகளில் தயாராகிவிடும், ஆகாவிட்டால் வாங்கிய எஸ்எஸ்டி மட்டம், அடுத்து இன்னும் வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்க வேண்டியதுதான் என்று பலர் நம்புகிறார்கள். முதல் பாதியில் நியாயம் உண்டு. பணத்தைக் கரைப்பது இரண்டாம் பாதி. பல ஹார்டு டிஸ்குகளில் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. தேடும் இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக 4 மில்லி விநாடி, முனை நகர இன்னும் 8 அல்லது 9. விண்டோஸ் எழும்போது சிதறிக் கிடக்கும் சின்னச்சின்னக் கோப்புகளைத்தான் அதிகம் தேடும். அப்படி 10,000 தேடல்கள் என்று வைத்துக்கொண்டால் தட்டு சுற்றுவதிலும் முனை நகர்வதிலுமே இரண்டு நிமிடம் போய்விடும். எஸ்எஸ்டியில் சுற்றவும் நகரவும் எதுவுமில்லை. ஒரு தேடலுக்கு ஏறக்குறைய 0.1 மில்லி விநாடி, மொத்தமே ஒரு விநாடி. ஆக, லாபம் வந்தது காத்திருப்பு ஒழிந்ததால். பெட்டியில் அச்சிட்டிருக்கும், விநாடிக்கு இத்தனை மெகாபைட் என்ற கணக்கால் அல்ல. சாட்டா எஸ்எஸ்டியின் 550-க்கு எதிரே என்விஎம்இ 3,500 என்று காட்டினாலும், அந்த ஒரு விநாடி பாதியானால் மிச்சம் அரை விநாடிதான். பெரிய வீடியோக்களை நகலெடுப்பவருக்கு அந்த 3,500 உதவும், மறுக்கவில்லை.

அப்படியானால் மீதி நேரம் எங்கே போகிறது? பவர் பட்டனை அழுத்தியதும் வேலையைத் தொடங்குவது மதர்போர்டில் உள்ள பயாஸ். அது நினைவகத்தைச் சோதிக்கும், யுஎஸ்பியில் என்னென்ன செருகியிருக்கிறது என்று பார்க்கும், சில கணினிகளில் நெட்வொர்க் வழியாக பூட் ஆக முடியுமா என்றுகூடத் தேடும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைத் திறந்தால், பெரும்பாலான புதிய கணினிகளில் பயாஸுக்கு ஆன நேரம் தெரியும். அங்கே 20 விநாடி என்று இருந்தால் எந்த எஸ்எஸ்டியாலும் அதைக் குறைக்க முடியாது. கூடுதல் இடத்துக்காகப் பழைய ஹார்டு டிஸ்கை உள்ளேயே விட்டிருந்தால் இன்னொரு சிக்கல்: அதுவும் சுற்றத் தொடங்கும்வரை கணினி காத்திருக்கலாம். இரண்டையும் இணைத்தபடியே விண்டோஸை நிறுவியிருந்தால், பூட் கோப்புகள் பழையதிலேயே தங்கியிருக்கவும் கூடும்.

புது எஸ்எஸ்டி போட்ட நண்பரின் கணினி பறக்கிறதே என்று கேட்கலாம். பறக்கட்டும், அங்கே மதர்போர்டு, பிராசஸர், சுத்தமாக நிறுவிய விண்டோஸ் எல்லாமே சேர்ந்து மாறியிருந்தால் பெருமை எஸ்எஸ்டிக்கு மட்டும் எப்படிச் சேரும்? அளக்கும் முறையிலும் ஒரு கோளாறு உண்டு. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஷட்டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் மையப்பகுதியின் நிலையைச் சேமித்துவைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் அது வேலை செய்யாது. எல்லாமே முதலிலிருந்து தொடங்கும். மாற்றுவதற்கு முன் ஷட்டவுன் செய்து அளந்துவிட்டு, மாற்றிய பின் ரீஸ்டார்ட்டில் அளப்பவர் இரண்டு வேறு வேலைகளை ஒப்பிடுகிறார்.