மில் மோட்டாரில் இறுகிப்போன புல்லியைக் கழற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கொட்டாரத்தில் மாவு மில் வைத்திருப்பவர்களுக்குக் கடல்காற்றின் குணம் தெரியும். கன்னியாகுமரிக் கடல் பக்கத்தில் இருப்பதால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கிறது. அதோடு ஈர அரிசி மாவும் சேர்ந்தால் மோட்டார் புல்லி தண்டோடு ஒட்டிக்கொள்ளும். பேரிங் மாற்ற வேண்டிய நாளில்தான் அது நமக்குத் தெரியவரும். பயப்பட வேண்டாம், பொறுமையாகச் செய்தால் நாமே கழற்றிவிடலாம்.

என்னென்ன வேண்டும்? எவ்வளவு ஆகும்?

மூன்று கால் புல்லர், ஆலன் கீ செட், துரு இளக்கும் ஸ்பிரே, கம்பி பிரஷ், எமரி தாள். புல்லர் தரத்தைப் பொறுத்துச் சுமார் 500 முதல் 1,500 ரூபாய் வரை ஆகும். ஒரே ஒரு முறைதான் தேவை என்றால் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஸ்பிரேக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் ஊற்றாதீர்கள். அது இடுக்கில் இறங்காமல் பிசுக்காகத் தங்கிவிடும்.

முதலில் கரண்ட்

மெயினை அணைத்து ஃபியூஸ்களை எல்லாம் பிடுங்கி நம் சட்டைப்பையில் போட்டுக்கொள்வோம். அவை நம்மிடம் இருக்கும்வரை வேறு யாரும் தவறுதலாக மோட்டாரை ஓட்ட முடியாது.

பெல்ட்டும் அளவும்

மோட்டாரின் அடி போல்ட்டுகளைத் தளர்த்தி மில் பக்கம் நகர்த்தினால் பெல்ட் தானாக இளகி வரும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தால் பெல்ட் கிழியும். தண்டின் நுனியிலிருந்து புல்லி முகம் எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேலால் அளந்து சுவரிலேயே குறித்து வையுங்கள். திரும்ப மாட்டும்போது பெல்ட் நேராக ஓட இந்த அளவுதான் உதவும்.

ஒளிந்திருக்கும் ஸ்க்ரூ

நிறையப் பேர் தோற்பது இங்கேதான். புல்லியின் கழுத்தில் அதைத் தண்டோடு இறுக்கும் கிரப் ஸ்க்ரூ இருக்கும், மாவு அடைத்திருப்பதால் துளையே தெரியாது. ஒரு மில்லில் புல்லரைப் பூட்டி அரை மணி நேரம் இழுத்தும் புல்லி அசையவில்லை. ஸ்க்ரூ எடுத்த துளையை ஊசியால் சுரண்டிப் பார்த்தால், அடியில் இன்னொரு ஸ்க்ரூ! அதை எடுத்ததும் வேலை முடிந்தது. ஒன்றைக் கழற்றியதும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்.

ஊறவிட்டு இழுப்போம்

தண்டைக் கம்பி பிரஷால் தேய்த்து, இரு பக்கமும் ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மறுநாள் புல்லரின் கால்களைப் புல்லியின் பின்புறம், நடுக்கழுத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பக்கத்தில் பிடிக்க வையுங்கள். விளிம்பில் மாட்டி இழுத்தால் வார்ப்பிரும்பு பிஸ்கட்போல உடையும். தண்டு நுனியில் மரை போட்ட துளை இருந்தால், முதலில் அதில் ஒரு போல்ட்டை முடுக்கி அதன் தலையில் புல்லர் முனையை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மரை நசுங்கும்.

இறுக்கி, சற்று நிறுத்தி, புல்லர் திருகின் தலையில் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. பிறகு கால் சுற்று. ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், புல்லி நகரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தண்டின் காடியிலிருந்து விழும் சாவியை (கீ) பத்திரப்படுத்துங்கள்.

எச்சரிக்கை

அப்படியும் வராவிட்டால் புல்லியைச் சூடாக்கலாம். 28 மி.மீ. துளை, 100 டிகிரி சூடு ஏறினால் சுமார் 0.03 மி.மீ. விரியும், அது போதும். ஆனால் மில்லுக்குள் நெருப்பு கூடவே கூடாது. காற்றில் மிதக்கும் மாவுத்தூள் வெடித்துப் பற்றும். மோட்டாரை வெளியே தூக்கிப்போய், ஸ்பிரே எண்ணெயை நன்றாகத் துடைத்த பிறகே சூடு காட்டுங்கள். தண்டின் நுனியில் ஓங்கி அடிப்பதும் வேண்டாம். அந்த அடி நேராகப் பேரிங்குக்குத்தான் போகும்.

திரும்ப மாட்டும்போது

துருவை எமரியால் நீக்கி, தண்டில் மெல்லிய கிரீஸ் பூசி, சாவியை வைத்துக் குறித்த அளவுக்குப் புல்லியை ஏற்றி, கிரப் ஸ்க்ரூவை முடுக்குங்கள். இரு புல்லிகளுக்கும் நடுவே அரை மீட்டர் இடைவெளி என்றால், விரலால் அழுத்தும்போது பெல்ட் சுமார் 8 மி.மீ. இறங்க வேண்டும். முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் மெயினை அணைத்துக் கிரப் ஸ்க்ரூவை மறுபடி ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.