இசை வகுப்பில் சுரக்குறிப்பு மென்பொருள்

இசைக் கல்வி செவிவழிக் கல்வியாகும். எனினும், கேட்டதை நினைவில் நிறுத்த எழுத்துத் துணையும் வேண்டும். அத்துணையை இன்று கணிப்பொறி அளிக்கிறது. அதன் பயனையும் எல்லையையும் அறிந்து கையாளுதல் ஆசிரியரின் கடமையாகும்.

முன்னோர் முயற்சி

1893-ல் சென்னையில் சின்னசாமி முதலியார் நமது கீர்த்தனைகளை மேனாட்டுக் கோட்டு முறையில் அச்சிட்டார். 1904-ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’, சுர எழுத்துகளுடன் கமகங்களுக்குத் தனிக் குறிகளையும் வழங்கியது. சுரத்தின் பெயரை மட்டும் எழுதினால் இராகத்தின் உருவம் கிடைக்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

கணிப்பொறியின் பயன்

மியூஸ்ஸ்கோர் போன்ற இலவச மென்பொருளில் எழுதிய பாடத்தை உடனே ஒலிக்கச் செய்யலாம், காலத்தைக் குறைக்கலாம், மாணவரின் சுருதிக்கேற்ப மாற்றலாம். ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கைகளில் சரளி வரிசை முதற்காலத்தில் 8, இரண்டாம் காலத்தில் 16, மூன்றாம் காலத்தில் 32 சுரங்களாக அமைவதைக் குழந்தைகள் திரையில் கண்டே உணர்வர்.

தமிழர் பெருமளவில் வாழும் பெங்களூர் ஸ்ரீராம்புரம் போன்ற பகுதிகளுக்கு மற்றொரு நன்மையும் உண்டு. வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் கன்னடம் பயிலும் குழந்தைகளுக்கு, ஒரே பாடத்தின் சுரங்களை இரு எழுத்துகளிலும் அச்சிட்டு வழங்க இயலும்.

எல்லை எது?

இம்மென்பொருள்கள் மேனாட்டு இசைக்கென உருவானவை. எழுதிய சுரத்தை அசைவற்ற ஒலியாகவே இசைப்பவை. தோடி இராகத்தின் காந்தாரமோ அசைந்து ஒலிப்பது. அசைவு நீங்கினால் தோடி தோடியாக இராது. இக்குறையைப் போக்கும் நோக்குடன், கருநாடக இசைக்கென்றே எம். சுப்ரமணியன் ‘காயகா’ என்னும் மென்பொருளை உருவாக்கினார். கமகத்தை நுண்ணிய சுரத் துண்டுகளாகப் பகுத்து எழுதி அதில் ஒலிக்கச் செய்யலாம். ஆயினும், எத்துண்டு எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைத் தேர்ந்த செவியே தீர்மானிக்க வேண்டும்.

வகுப்பு முறை

முதலில் ஆசிரியர் பாட வேண்டும். மாணவர் கேட்டுத் திருப்பிப் பாட வேண்டும். அதன் பின்னரே சுரங்களை எழுதி, கணிப்பொறியில் ஒலிக்கச் செய்து, தாளக் கணக்கைச் சரிபார்க்கலாம். கருவி பாடியதற்கும் ஆசிரியர் பாடியதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவரையே கூறச் செய்வது சிறந்த பயிற்சியாகும். இதற்கு ஒரு கணிப்பொறியும் ஓர் ஒலிபெருக்கியும் போதும்.

கருவி வாங்கும் திட்டத்துடன் ஆசிரியர் நியமனமும் பயிற்சியும் இணைந்தே செல்லுதல் வேண்டும். ஆசிரியரில்லா வகுப்பில் கணிப்பொறி சுரங்களைக் கற்பிக்கலாம். இராகத்தைக் கற்பிக்க இயலாது.