உரைகல்லும் கணிப்பொறியும்

பொன்னின் மாற்றை அறிய விரும்பும் பொற்கொல்லர், அதன் நிறத்தை மட்டும் கண்டு முடிவு கூறுவதில்லை. அதனை உரைகல்லில் உரைத்து, மாற்று முன்னரே அறியப்பட்ட பொன் இட்ட கோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அதன் தரத்தைக் கூறுவர். கண்ணைக் கவரும் ஒளி வேறு. உள்ளமைந்த தரம் வேறு. இவ்வுண்மை பொன்னுக்கு மட்டுமன்றி, வீட்டிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் இக்காலத்தில் இடம்பெற்றுள்ள கணிப்பொறிக்கும் பொருந்துவதாகும்.

கணிப்பொறிக்கு மூளை போன்று விளங்குவது செயலி என்னும் சிறு சில்லு. சிலிக்கனால் ஆன அச்சில்லில் எண்ணிறந்த நுண்ணிய டிரான்சிஸ்டர்கள் அமைந்துள்ளன. அவை அனைத்தும் ஒரு துடிப்புக்குக் கட்டுப்பட்டு இயங்குகின்றன. படகில் அமர்ந்து துடுப்பு வலிப்போர், ஒருவர் எழுப்பும் ஓசைக்கு இசைய ஒரே சமயத்தில் வலிப்பதை இதற்கு ஒப்பாகக் கூறலாம். வினாடிக்கு ஒரு துடிப்பு ஒரு ஹெர்ட்ஸ் ஆகும். பத்து இலட்சம் துடிப்பு ஒரு மெகாஹெர்ட்ஸ் ஆகும்.

செயலியைச் செய்யும் நிறுவனத்தார், அஃது எவ்வளவு துடிப்பு வரையில் பிழையின்றி இயங்கும் என்பதைச் சோதித்து, ஓர் அளவைக் குறித்து விற்கின்றனர். அக்குறிப்பு, செயலி தாங்கக்கூடிய இறுதி எல்லை அன்று. வெப்பம் மிகுந்த அறையிலும் அது பல்லாண்டு பழுதின்றி உழைத்தல் வேண்டும் என்று கருதி, சிறிது இடம் விட்டே அவ்வளவைக் குறிப்பர். எஞ்சியுள்ள அவ்விடத்தைப் பயன்படுத்திக்கொள்ள விழைவோர், குறித்த அளவுக்கு மேலான துடிப்பில் செயலியை இயங்கச் செய்கின்றனர். இதனை 'ஓவர்கிளாக்கிங்' என்பர்; தமிழில் மிகைத்துடிப்பு எனலாம்.

இம்முயற்சியின் வரலாற்றில் 1998ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் இன்டெல் நிறுவனத்தார் இரு செயலிகளை வெளியிட்டனர். ஒன்று, விலை குறைந்த செலரான் 300ஏ. மற்றொன்று, விலை மிகுந்த பென்டியம் 2 வரிசையைச் சேர்ந்த 450 மெகாஹெர்ட்ஸ் செயலி. முன்னதன் விலை, பின்னதன் விலையில் நான்கில் ஒரு பங்கினும் குறைவு. செலரான் செயலியின் துடிப்பு 300 மெகாஹெர்ட்ஸ் என்று குறிக்கப்பட்டிருந்தது. தாய்ப்பலகை தரும் 66 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை நாலரை மடங்கு பெருக்கி அச்செயலி அவ்வளவை எய்தியது. பெருக்கும் எண்ணை மாற்ற இயலாதவாறு நிறுவனத்தார் பூட்டியிருந்தனர். ஆனால் தாய்ப்பலகையின் அடிப்படைத் துடிப்பை 100 ஆக உயர்த்த இயலும். அங்ஙனம் உயர்த்தியவுடன், செலரான் 450 மெகாஹெர்ட்ஸில் துடித்தது. எல்லாச் சில்லுகளும் அவ்வேகத்தைத் தாங்கவில்லை எனினும், பல தாங்கின.

இரண்டும் ஒரே துடிப்பை எய்திய பின்னர், இரண்டும் சமம் என்று கூறிவிடலாமா? கூறலாகாது. அடிக்கடி வேண்டப்படும் செய்திகளைச் செயலியின் அருகிலேயே வைத்துக்கொள்ள இடைநினைவகம் என்னும் சிறு களஞ்சியம் உண்டு. பென்டியம் 2 செயலியில் அது 512 கிலோபைட் அளவினது; ஆயினும் செயலியின் பாதி வேகத்திலேயே இயங்கியது. செலரானில் அது 128 கிலோபைட் மட்டுமே. எனினும் செயலி அமைந்த சில்லிலேயே இருந்து முழு வேகத்தில் இயங்கியது. சிறிய களஞ்சியத்தில் அடங்கும் வேலைகளில் செலரான் ஈடுகொடுத்தது. மிகுதியான செய்திகளைக் கையாளும் வேலைகளில் பென்டியம் முந்தியது. எவ்வேலையில் எது சிறந்தது என்பதைத் துடிப்பின் எண் கூறவில்லை, சோதனையே கூறிற்று.

அத்தகைய சோதனைக்குரிய நிரல்களைப் 'பெஞ்ச்மார்க்' என்பர். உரைகல் என்னும் நம் பழஞ்சொல் அவற்றுக்கு நன்கு பொருந்தும். இங்கிலாந்து நாட்டின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் 1972ஆம் ஆண்டு எழுதப்பட்ட 'வெட்ஸ்டோன்' என்னும் நிரல், இத்துறையில் முன்னோடிகளுள் ஒன்று. வெட்ஸ்டோன் என்பது ஓர் ஊரின் பெயர். சாணைக்கல் என்பதும் அச்சொல்லின் பொருள். தசம எண்களைக் கொண்ட கணக்குகளை எவ்வளவு விரைவாகச் செய்யும் என்பதை அது பெரிதும் அளந்தது. 1984ஆம் ஆண்டில் ரைன்ஹோல்ட் வைக்கர் என்பவர், முழு எண்களையும் எழுத்துத் தொடர்களையும் கையாளும் ஆற்றலை அளக்க 'டிரைஸ்டோன்' என்பதனை ஆக்கினார். பின்னர், 1988ஆம் ஆண்டில் தோன்றிய 'ஸ்பெக்' என்னும் அமைப்பு, மக்கள் மெய்யாகப் பயன்படுத்தும் நிரல்களின் அடிப்படையில் சோதனைகளைத் தொகுத்தது.

உரைகல்லையே ஏமாற்ற முயல்வோரும் உலகில் உளர். ஸ்பெக் அமைப்பின் முதல் தொகுப்பில் 'மேட்ரிக்ஸ் 300' என்னும் ஒரு சோதனை இருந்தது. அச்சோதனைக்கு ஏற்றவாறு மொழிமாற்றி நிரல்களைச் சிலர் திருத்தியமையால், அதன் மதிப்பெண் மட்டும் பன்மடங்கு உயர்ந்தது. பிற வேலைகளின் வேகம் அங்ஙனம் உயரவில்லை. ஆதலின் 1992ஆம் ஆண்டுத் தொகுப்பில் அச்சோதனை நீக்கப்பட்டது. தேர்வில் வரும் வினா ஒன்றை மட்டும் முன்னரே அறிந்து விடையை மனப்பாடம் செய்த மாணவன், பாடம் முழுவதையும் கற்றவன் ஆகான் அன்றோ?

மேலும், செயலியின் வேகம் ஒன்றரை மடங்கு ஆயின், வேலையும் ஒன்றரை மடங்கு விரைவாக முடியும் என்று எண்ணுதல் பிழையாகும். ஒரு வேலை முடிய 100 வினாடி ஆகின்றது என்று கொள்வோம். அதில் 60 வினாடி செயலியின் உழைப்பு. எஞ்சிய 40 வினாடி, வட்டிலிருந்து செய்தி வருவதற்காகக் காத்திருத்தல். செயலியை ஒன்றரை மடங்கு விரைவாக்கினால், 60 வினாடி 40 ஆகக் குறையும்; காத்திருக்கும் 40 வினாடியோ குறைவதில்லை. ஆக, வேலை 80 வினாடியில் முடியும். வேகம் ஒன்றேகால் மடங்கே ஆயிற்று. ஒரு பகுதியை மட்டும் விரைவாக்குவதால் வரும் பயனுக்கு எல்லை உண்டு என்னும் இக்கருத்தினை, 1967ஆம் ஆண்டில் ஜீன் ஆம்டால் என்னும் அறிஞர் எடுத்துரைத்தார்.

மிகைத்துடிப்புக்கு விலையும் உண்டு. துடிப்பு மிகுந்தால், அதற்கேற்ப வெப்பமும் மிகும். மிகுந்த துடிப்பில் செயலி தடுமாறாமல் இருக்க மின்னழுத்தத்தைக் கூட்டுவர். வெப்பமோ மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயரும். துடிப்பை ஒன்றரை மடங்கும், மின்னழுத்தத்தை நூற்றுக்குப் பத்துப் பங்கும் கூட்டினால், துடிப்பினால் எழும் வெப்பம் ஏறக்குறைய 1.8 மடங்காகும். அவ்வெப்பத்தை விசிறியாலும் நீராலும் வெளியேற்றாவிடின், செயலி நின்றுவிடும். அதன் ஆயுளும் குறையும். அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்னும் பழமொழி இங்கும் உண்மையாதல் காண்க.

நின்றுபோவதினும் கொடியது ஒன்று உண்டு. அது, நில்லாமல் இயங்கிக்கொண்டே தவறான விடை தருவது. டிரான்சிஸ்டர்கள் தம் செயலை முடிக்கும் முன்னரே அடுத்த துடிப்பு வந்துவிடின், கணக்கில் பிழை நேரும். அப்பிழை கண்ணுக்குப் புலப்படுவதும் இல்லை. மிகப்பெரிய பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சி ஒன்றை ஜார்ஜ் வோல்ட்மன் என்பவர் 1996ஆம் ஆண்டில் தொடங்கினார். அதில் ஓர் எண்ணைச் சோதிக்கப் பல இலட்சம் பெருக்கல்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தல் வேண்டும். இடையில் ஒரு பிழை நேர்ந்தாலும் முடிவு முழுவதும் பாழாகும். ஆதலின், விடை முன்னரே அறியப்பட்ட கணக்குகளைச் செயலிக்குக் கொடுத்து, அது தரும் விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கடுஞ்சோதனை ஒன்றையும் அந்நிரலில் அமைத்தார். வேகத்தை உயர்த்தியோர் பலர், தம் செயலி நம்பத்தக்கதா என்பதை அறிய அச்சோதனையையே நாடினர்.

வேகத்தின் எண்ணையே குறிக்கோளாகக் கொண்ட போட்டிகளும் உண்டு. 2011ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனத்தார், தம் எஃப்.எக்ஸ். 8150 செயலியைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்து, 8,429 மெகாஹெர்ட்ஸ் வரை துடிக்கச் செய்தனர். அஃது அக்காலத்தில் கின்னஸ் சாதனையாக ஏற்கப்பட்டது. அச்செயலியின் வழக்கமான அளவு 3,600 மெகாஹெர்ட்ஸ் ஆகும். அருஞ்செயலே; ஐயமில்லை. ஆயினும், அப்பொழுது அதன் எட்டுச் செயற்பகுதிகளுள் இரண்டு மட்டுமே இயங்கின. அதே ஆண்டில் வெளிவந்த இன்டெல் கோர் ஐ7 2600கே செயலியின் அளவு 3,400 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. எனினும், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய கணக்குகளில், வழக்கமான நிலையில் இயங்கிய எஃப்.எக்ஸ். செயலியை அது முந்தியது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை நடைபெறுகின்றது என்பதும் துடிப்பின் எண்ணிக்கையோடு சேர்த்து எண்ணத்தக்கது என்பது இதனால் விளங்கும்.

ஆகவே, இரு செயலிகளை ஒப்பிடுவோர் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். நினைவகம், வட்டு, குளிர்விக்கும் முறை ஆகியவற்றை இயன்றவரை ஒன்றாக வைத்தல் வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். ஒருமுறை அன்றிப் பன்முறை சோதித்தல் வேண்டும். தம் அன்றாட வேலையை ஒத்த சோதனையைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும். அனைத்தினும் மேலாக, விடை சரியாக உள்ளதா என்பதை முதலில் கண்டு, வேகத்தைப் பின்னர்க் காணல் வேண்டும்.

பத்து வினாடியில் தவறான விடை கூறுவோனினும், இருபது வினாடியில் சரியான விடை கூறுவோனே கணக்கில் வல்லவன். பொறிக்கும் இதுவே அளவு. எண்ணின் பெருமையைக் கண்டு மயங்காது, உரைத்துப் பார்த்து உண்மை தெளியும் பழக்கத்தை மாணவர் இளமையிலேயே மேற்கொள்வாராக.