முகாமையாளரின் பங்கு எவ்வளவு?

கடை நன்றாக ஓடினால் பெருமை யாருக்கு? சரிந்தால் பழி யாருக்கு? முதலாளிமாரான நாம் உடனே கைகாட்டுவது மேனேஜரைத்தான். நானும் அப்படித்தான் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினேன். அதைச் சொல்லுமுன் இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகமொன்றைப் பார்ப்போம்.

லெஸ்டர் சிட்டி தந்த பாடம்

2014-15 பருவகாலத்தில் பிரீமியர் லீக்கில் லெஸ்டர் சிட்டி நெடுநாள் கடைசி இடத்தில் கிடந்தது. இறுதி 9 போட்டிகளில் 7இல் வென்று 14ஆம் இடத்தைப் பிடித்துத் தப்பியது. பருவம் முடிந்ததும் முகாமையாளர் நைஜல் பியர்சன் நீக்கப்பட்டு, இத்தாலியரான கிளாடியோ ரனியேரி வந்தார். 2016 மே மாதம் அதே லெஸ்டர், 81 புள்ளிகளுடன் சம்பியனானது. ரனியேரியை உலகமே புகழ்ந்தது. ஒன்பது மாதங்கள் கழித்து, 2017 பெப்ரவரியில், அணி தாழ்ந்தபோது அவரும் நீக்கப்பட்டார்.

ஒன்பது மாதத்தில் அவருடைய திறமை காணாமல் போய்விட்டதா? நடுக்கள வீரர் கான்டே செல்சிக்குப் போயிருந்தார். அடுத்த பருவத்தில் செல்சி சம்பியனானது. கான்டே, மஹ்ரெஸ் போன்றோரைக் குறைந்த விலையில் கண்டுபிடித்துக் கொடுத்த ஸ்டீவ் வோல்ஷும் எவர்டன் கழகத்துக்குப் போய்விட்டார். நமது பாஷையில் சொன்னால், நல்ல சரக்கை மலிவாகத் தேடித் தந்த கொள்வனவுக்காரர் போய்விட்டார்.

ஆய்வுகள் சொல்வது

இங்கிலாந்துக் கழகங்களின் கணக்குகளை ஆராய்ந்த பொருளியலாளர் ஸ்டீபன் சிமான்ஸ்கி, நீண்ட காலத்தில் ஒரு கழகம் பிடிக்கும் இடத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வீரர்களுக்குக் கொடுக்கும் சம்பளமே எனக் கண்டார். நெதர்லாந்தில் 1986 முதல் 2004 வரையான பருவங்களை வைத்து இன்னோர் ஆய்வு நடந்தது. தொடர் தோல்விக்குப் பின் முகாமையாளரை மாற்றிய கழகங்கள் மீண்டெழுந்தன. அதே நிலையிலிருந்தும் மாற்றாத கழகங்களும் அதைப் போலவே மீண்டெழுந்தன.

இதை வாசித்தபோது எனக்குச் சுருக்கென்றது. எனக்கு இரண்டு புடவைக் கடைகள் இருந்தன. ஒன்றின் முன்னால் வடிகான் வேலைக்காக வீதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நோன்புப் பெருநாள் வியாபாரம் படுத்துவிட்டது. அந்தக் கடை மேனேஜரை நிறுத்தினேன். மற்றக் கடைக்காரருக்குப் போனஸ் கொடுத்தேன். புதியவர் வந்ததும் விற்பனை கூடியது. “ஆளை மாற்றினேன், கடை நிமிர்ந்தது” என்று பெருமையடித்தேன். பிறகு கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால், விற்பனை கூடியது வீதி திறந்த மாதத்தில். பழையவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தார், தேநீரும் தந்தார். ஆனால் வேலைக்குத் திரும்பி வரவில்லை.

அப்படியானால் முகாமையாளர் தேவையில்லையா?

தேவை. மென்செஸ்டர் யுனைட்டட்டின் அலெக்ஸ் பெர்குசன் 1986இல் பொறுப்பேற்று, 1993இல்தான் முதல் லீக் கிண்ணத்தை வென்றார். நிர்வாகம் பொறுத்திருந்தது. 2013இல் ஓய்வுபெறும்போது லீக் கிண்ணங்கள் 13. அவர் விட்டுச்சென்ற சம்பியன் அணி, ஏறக்குறைய அதே வீரர்களுடன், அடுத்த பருவத்தில் 7ஆம் இடத்துக்கு இறங்கியது. ஆகவே சிலருடைய பங்கு பெரியதுதான். ஆனால் அது ஒரு பருவத்தில் தெரிவதில்லை.

நாம் செய்யவேண்டியவை

1. மேனேஜரை விற்பனைத் தொகையால் மட்டும் அளக்காதீர்கள். முதல், சரக்கு, இடம், ஆட்கள் என நீங்கள் கொடுத்தவற்றோடு சேர்த்து அளவிடுங்கள்.
2. இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். சென்ற வருடத்தின் அதே பருவத்தோடு ஒப்பிடுங்கள். அதே வீதியிலுள்ள மற்றக் கடைகளின் நிலையையும் விசாரியுங்கள்.
3. போனஸ் கொடுக்கும்போது கொள்வனவுக்காரரையும் களஞ்சியக்காரரையும் மறக்காதீர்கள்.
4. ஒருவரை நிறுத்துமுன், அவருடைய இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் எவ்வளவு விற்றிருப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அளவையிலும் நிறுவையிலும் குறை வைக்கக் கூடாது என்பது நமக்குச் சிறுவயதிலேயே கற்பிக்கப்பட்டது. மனிதருடைய உழைப்பை நிறுக்கும்போதும் அந்தத் தராசு நேராக நிற்கவேண்டும். வல்ல அல்லாஹ் நமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.