வார்ப்புக்குள் ஒளிந்திருக்கும் துளைகள்

மாணவர்களே! சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து பிரிந்து சென்றால் ஒரகடம் என வழிநெடுக மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளைக் காணலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. இத்தகைய வாகனங்களின் எஞ்சின் பாகங்கள் பல, அலுமினியக் கலவையை உருக்கி அச்சில் வார்த்துச் செய்யப்படுபவை. வார்ப்பு வெளியே பளபளப்பாக இருந்தாலும், உள்ளே நுண்துளைகள் ஒளிந்திருக்கலாம்.

துளைகள் எப்படி உண்டாகின்றன?

உருகிய அலுமினியம் ஹைட்ரஜன் வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். உறையும்போது அந்தக் கரைதிறன் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வெளியேற வழியில்லாத வாயு, குமிழியாகத் தங்கிவிடுகிறது. இத்துளைகள் பெரும்பாலும் உருண்டையானவை. மேலும், அலுமினியம் உறையும்போது கன அளவில் சுமார் 6 விழுக்காடு சுருங்குகிறது. சுருங்கிய இடத்தை நிரப்பத் திரவம் வந்து சேராவிட்டால் அங்கும் துளை விழும். இது மூலைமுடுக்குகளுடன் கோணல்மாணலாக இருக்கும்.

இரண்டில் எது ஆபத்தானது? 1913-இல் இங்கிலீஷ் பொறியியலர் இங்லிஸ் இதற்கு விடை கண்டார். நீள்வட்டத் துளையுள்ள தகட்டை, துளையின் நீளத்திற்குக் குறுக்காக இழுப்பதாகக் கொள்ளுங்கள். துளையின் பாதி நீளத்தை முனையின் வளைவு ஆரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டுங்கள். முனையில் தகைவு அத்தனை மடங்கு உயரும். வட்டத் துளைக்கு இது 3 மடங்கு. பாதி நீளம் 0.4 மி.மீ., முனையின் ஆரம் 0.016 மி.மீ. என்றால் 11 மடங்கு! நீளம் ஒன்றாயினும் கூரிய முனையிலிருந்துதான் விரிசல் கிளம்புகிறது. ஆகவே துளையின் அளவோடு அதன் வளைவையும் அறிய வேண்டும்.

வளைவை அளப்பது எப்படி?

வரைபடத் தாளில் 5 செ.மீ. ஆரமுள்ள வட்டம் ஒன்றை வரையுங்கள். அதில் 6 செ.மீ. நீளமுள்ள நாணை வரைந்து, நாணின் நடுவிலிருந்து வில்லின் உயரத்தை அளந்தால் 1 செ.மீ. இருக்கும். நாணின் வர்க்கத்தை உயரத்தின் 8 மடங்கால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டுங்கள்: 36/8 + 1/2 = 5. ஆரம் கிடைத்துவிட்டது! அதன் தலைகீழ் எண்ணே வளைவு. உயரத்தை 9 மி.மீ. எனத் தவறாக அளந்தால் ஆரம் 5.45 ஆகிவிடும். நாண் 2 செ.மீ. மட்டுமே என்றால் உயரமே சுமார் 1 மி.மீ.தான், ஒரு கட்டம் தவறினால் கணக்கே பாழ்.

வார்ப்பை உடைக்காமல் உள்ளே காண, மருத்துவமனைகளில் உள்ள சி.டி. ஸ்கேன் முறையே உதவுகிறது. ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய இக்கருவியால் 1971-இல் முதல் நோயாளி படமெடுக்கப்பட்டார். தொழிற்சாலைச் சோதனையில் பொதுவாகப் பொருளையே சுழற்றி, பல கோணங்களில் எக்ஸ்-கதிர் நிழற்படங்கள் எடுப்பார்கள். கணிப்பொறி அவற்றை இணைத்து, சிறு கனசதுரங்களால் ஆன முப்பரிமாணப் படமாக்கும்.

பரப்பு என்று வந்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு வளைவுகளைச் சொல்ல வேண்டும். குடத்தைப் பாருங்கள். அதன் வயிறு இரு திசைகளிலும் ஒரே பக்கமாக வளைகிறது. கழுத்தோ சுற்றுவாக்கில் ஒரு பக்கமும், மேல்கீழாக எதிர்ப்பக்கமும் வளைகிறது. இரு துளைகள் இணையும் இடுக்கிலும் இத்தகைய கழுத்தைக் காணலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கனசதுரங்களால் ஆன பரப்பு படிக்கட்டு போல இருப்பதால், ஒவ்வொரு படியும் பொய்யான கூர்முனையாகத் தோன்றும். எனவே கணிப்பொறி பரப்பை மழுப்பிய பிறகே வளைவைக் கணக்கிடுகிறது. அளவுக்கு மீறி மழுப்பினாலோ, உண்மையான கூர்முனையும் மழுங்கிவிடும். கனசதுரத்தின் பக்கம் 0.01 மி.மீ. என்றால், நாம் கண்ட 0.016 மி.மீ. ஆரம் ஒன்றரைக் கட்டம்தான். மிகவும் ஆபத்தான வளைவே அளப்பதற்கு மிகவும் கடினமானது என்பது விளங்குகிறதல்லவா?

பயிற்சி: பாதி நீளம் 0.9 மி.மீ., முனை ஆரம் 0.1 மி.மீ. உள்ள துளையின் முனையில் தகைவு எத்தனை மடங்கு உயரும்? (விடை: 7)