பள்ளி திறக்கும் முன் பிள்ளையின் பெயரைச் சரிபார்ப்போம்



பள்ளி திறக்கும் நாள் நெருங்குகிறது. தாம்பரம் சண்முகம் சாலையில் பை, செருப்பு, சீருடை வாங்கும் கூட்டம் தொடங்கிவிட்டது. நம் அறக்கட்டளைக்கும் நோட்டுப் புத்தகம், கட்டண உதவி கேட்டு மனுக்கள் வருகின்றன. அல்ஹம்துலில்லாஹ், முடிந்தவரை செய்து வருகிறோம். ஆனால் பிள்ளைகளின் படிப்பில் தடையாக நிற்பது பணம் மட்டுமல்ல. சில நேரம் ஒரே ஓர் எழுத்து நிற்கிறது. இந்த இதழில் அதைப் பற்றிப் பேசுவோம்.

நம் பகுதிப் பெண் பிள்ளை ஒருவர் +2வில் நல்ல மதிப்பெண் வாங்கினார். பொறியியல் கலந்தாய்வுக்காகச் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர், 10ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் மூன்றாவது பெயர். விண்ணப்பம் திரும்பி வந்தது. தகப்பனார் வேலைக்கு விடுப்புப் போட்டு அலைந்தார். சான்றிதழ் கையில் கிடைக்கும்போது கடைசித் தேதி கடந்திருந்தது. பொதுப் பிரிவில் கலந்தாய்வுக்குப் போன அந்தப் பிள்ளைக்கு, விரும்பிய பாடம் கிடைக்கவில்லை. தகப்பனாரைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்பே யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இருந்தவர்களில் நாங்களும் அடக்கம்.

மார்க்கம் கற்றுத் தருவது

நல்ல பெயர் பெறுவது பிள்ளையின் உரிமை. ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டுவதை நபி (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டித் தந்தார்கள். குர்ஆனின் மிக நீளமான வசனம் எது தெரியுமா? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை நேர்மையாக எழுதி வைப்பது, சாட்சி வைத்துக்கொள்வது பற்றியது அது. சிறிய தொகையானாலும் எழுதிக்கொள்ளச் சோம்பக் கூடாது என்பது அதன் கருத்து. கடன் பத்திரத்துக்கே இவ்வளவு கவனம் என்றால், பிள்ளையின் ஆயுள் முழுக்கக் கூட வரும் பத்திரத்துக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

பிழை எங்கே நுழைகிறது?

முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ‘ஓ’ போட்டு எழுதுகிறார், ஒருவர் ‘யு’ போட்டு. ஓர் இடத்தில் ஒரு ‘எம்’, இன்னோர் இடத்தில் இரண்டு. பீவி, பீபி ஆகிறது. பேகம் ஒரு சான்றிதழில் இருக்கிறது, மற்றதில் இல்லை. இனிஷியல் ஒன்றில் முன்னால், மற்றொன்றில் பின்னால்.

அப்துல் ரஹ்மானைச் சுருக்கி ‘ரஹ்மான்’ என்று மட்டும் எழுதிவிடுவதும் உண்டு. ரஹ்மான் அல்லாஹ்வின் திருநாமம். ‘அப்து’ என்ற அடிமைச் சொல்லை விட்டுவிடுவது பதிவிலும் பிழை, பொருளிலும் பிழை.

எந்த வரிசையில் திருத்துவது?

முதலில் பிறப்புச் சான்றிதழ். மற்றவை எல்லாம் இதைப் பார்த்துத்தான் திருத்தப்படும். பலர் வீட்டில் பெயர் எழுதப்படாத சான்றிதழே இருக்கிறது. பிறப்பைப் பதிவு செய்து ஓராண்டுக்குள் என்றால் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் இந்தச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளது.

பிரசவம் நடந்த ஊரில்தான் பதிவு இருக்கும். எழும்பூர் மருத்துவமனை என்றால் சென்னை மாநகராட்சி. குரோம்பேட்டை என்றால் தாம்பரம் மாநகராட்சி. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகள் 2021இல் தாம்பரத்தோடு இணைந்துவிட்டதை நினைவில் வையுங்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில், மேலப்பாளையத்திலோ ஆம்பூரிலோ நடந்திருந்தால், கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதே முடித்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது ஆதார். 5 வயதிலும் 15 வயதிலும் பிள்ளையின் கைரேகை, கண் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போதே பெயரையும் பிறப்புச் சான்றிதழின்படி ஒன்றாக்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது பள்ளிப் பதிவேடு. தலைமை ஆசிரியரிடம் கேட்டு, பிள்ளையின் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள். 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் போகும் முன் திருத்துவது எளிது. மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு அது நீண்ட வேலை.

நான்காவது சாதிச் சான்றிதழ். கல்வியிலும் அரசு வேலையிலும் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதைப் பெற, சான்றிதழில் வெறுமனே முஸ்லிம் என்று இருந்தால் போதாது. லப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்கனி முஸ்லிம், ஷேக், சையத், மாப்பிள்ளை, அன்சார், துதெகுலா என்ற பட்டியலில் உங்கள் பிரிவு எதுவோ அது இருக்க வேண்டும். உண்மையான பிரிவைத்தான் சொல்ல வேண்டும். பொய்ச் சான்று மார்க்கத்திலும் குற்றம், சட்டத்திலும் குற்றம். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். +2 முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இன்று இரவே செய்யக்கூடியது

இஷா தொழுகைக்குப் பின் பிள்ளைகளின் சான்றிதழ்களை எல்லாம் வரிசையாகப் பரப்பி வையுங்கள். பெயர், தகப்பனார் பெயர், தாயார் பெயர், பிறந்த தேதி. இந்த நான்கையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அவரிடமே கொடுங்கள். வித்தியாசம் இருந்தால் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளோடும் நகல்களோடும் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். பள்ளி திறக்கும்வரை சனிக்கிழமைதோறும் அஸருக்குப் பின் மஃக்ரிப் வரை, இன்ஷா அல்லாஹ், நம் கல்லூரி மாணவர்கள் விண்ணப்பம் நிரப்பித் தருவார்கள். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. கணவரை இழந்த சகோதரிகளும், ஆண் துணை வெளிநாட்டில் உள்ள குடும்பத்தாரும் சொல்லி அனுப்பினால் வீட்டுக்கே வருவோம்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

செயலாளர்