பூனைக்கு இன்சுலின்... சந்தேகமா? ஊசியைக் கீழே வையுங்கள்!

ராத்திரி எட்டு மணி. ஆபீஸிலிருந்து வந்த கணவர் ஃப்ரிட்ஜைத் திறந்து மருந்துக் குப்பியை எடுக்கிறார். "குட்டிக்கு ஊசி போட்டாச்சா?" என்று குரல் கொடுக்கிறார். சமையலறையில் மிக்ஸி சத்தம், பதில் இல்லை. 'போடலை போலிருக்கு' என்று நினைத்து, காலைச் சுற்றிவந்த பூனைக்கு அவரே போட்டுவிடுகிறார். ஐந்து நிமிஷம் கழித்து மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க... ஏழு மணிக்கே நான் போட்டுட்டேனே!" என்கிறார்.

சர்க்கரை நோய் உள்ள பூனையை வளர்க்கிற எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. இப்படி இரண்டு தடவை ஊசி போட்டால் பூனையின் உயிருக்கே ஆபத்து. ஆனால் எப்போதாவது ஒரு வேளை ஊசி தவறிப்போனால் பெரும்பாலும் பெரிய கெடுதல் எதுவும் வந்துவிடாது. இந்த ஒரு வித்தியாசம் மனசில் பதிந்துவிட்டால், வீட்டு வைத்தியத்தில் பாதிப் பாடம் முடிந்த மாதிரி!

பூனைக்குக்கூடவா சர்க்கரை?

ஆமாம். நடுத்தர வயதைத் தாண்டிய, குண்டான, கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு இது அதிகம் வருகிறது. வேறு நோய்க்காகத் தொடர்ந்து ஸ்டீராய்டு மருந்து கொடுத்தாலும் வரலாம். தண்ணீரை நிறையக் குடிக்கும், அடிக்கடி நிறைய சிறுநீர் போகும். நன்றாகச் சாப்பிடும், ஆனால் இளைத்துக்கொண்டே போகும். சில பூனைகள் பின்னங்கால் பலம் குறைந்து, குதிகாலைத் தரையில் பதித்து நடக்கும்.

ஒரு விஷயம்... ஆஸ்பத்திரிக்குப் போன பயத்திலேயே பூனையின் ரத்த சர்க்கரை எகிறிவிடும். அதனால் டாக்டர் சிறுநீரையும் பார்ப்பார். தேவைப்பட்டால், கடந்த இரண்டு வாரங்களின் நிலவரத்தைக் காட்டும் 'ஃப்ரக்டோசமின்' பரிசோதனையும் செய்யச் சொல்வார்.

வீட்டுப் பெரியவர்களின் சர்க்கரை மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஊசி போடுவது எப்படி?

பயப்படாதீர்கள். இன்சுலின் ஊசி மிக மெல்லியது. சாப்பிடுகிற சுவாரஸ்யத்தில் பல பூனைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

* பெரும்பாலும் 12 மணி நேர இடைவெளியில் தினம் இரண்டு வேளை போட வேண்டியிருக்கும். காலை 7 என்றால் மாலையும் 7.

* முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே சிரிஞ்சை எடுங்கள்.

* பால் மாதிரி கலங்கலாக இருக்கும் இன்சுலின் என்றால் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டுங்கள். குலுக்குவது பற்றி மருந்தோடு வரும் சீட்டில் என்ன சொல்லியிருக்கிறதோ அதன்படி நடங்கள்.

* விலாப் பக்கத்துத் தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அதன் அடிப்பகுதியில் ஊசியைச் செலுத்துங்கள். தினமும் இடத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

* இன்சுலினை ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஆனால் ஐஸ் உறையும் ஃப்ரீஸரில் வைக்கக் கூடாது. உறைந்துபோன மருந்து உதவாது.

சிரிஞ்சில் ஒரு கணக்கு

நம் ஊர் மருந்துக் கடைகளில் இன்சுலின் இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சு. 40-க்கு வழக்கமாகச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. நிறத்தை மட்டும் நம்பாமல், சிரிஞ்சின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணையும் படித்துப் பாருங்கள்.

தாத்தா 40 யூனிட் இன்சுலின் போட்டுக்கொள்கிறார், பூனைக்கோ 100 யூனிட் மருந்து என்று வைத்துக்கொள்வோம். அவசரத்தில் தாத்தாவின் சிரிஞ்சில் பூனையின் மருந்தை '1' என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 1 யூனிட் அல்ல, இரண்டரை யூனிட்! பூனைக்குப் பெரும்பாலும் 1 யூனிட்டை ஒட்டித்தான் டாக்டர் ஆரம்பிப்பார். இரண்டரை மடங்கு என்றால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். இருவர் மருந்தையும் தனித்தனி டப்பாவில் பெயர் எழுதி வைத்துவிடுவதே நல்லது.

சந்தேகம் வந்தால்...

பூனை துள்ளிவிட்டது, ரோமம் ஈரமாக இருக்கிறது, மருந்து உள்ளே போச்சா இல்லையா தெரியவில்லை. என்ன பண்றது? மறுபடி போடாதீர்கள். அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வேளை மறந்துவிட்டதா? அடுத்த வேளைக்கு வழக்கமான அளவுதான். 'விட்டதையும் சேர்த்து' என்ற பேச்சே கூடாது.

சாப்பிடவில்லையா, வாந்தி எடுத்ததா? ஊசி போடும் முன் டாக்டருக்கு ஃபோன் செய்யுங்கள். சாப்பிடாமல், வாந்தியோடு சோர்ந்து கிடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். தொடர்ந்து இன்சுலின் போதாமல் போனாலும் இந்த நிலை வரும். அதனால் 'தவறினால் பரவாயில்லை' என்பதை வழக்கமாக்கிவிடாதீர்கள்.

சர்க்கரை இறங்கிவிட்டால்?

தள்ளாட்டம், நடுக்கம், திடீர்ப் பசி, விழித்தபடி மந்தமாகக் கிடப்பது, கடைசியில் வலிப்பு... இவைதான் அடையாளங்கள். சாப்பிடும் நிலையில் இருந்தால் உடனே சாப்பாடு வையுங்கள். இல்லையென்றால் தேனையோ, தண்ணீரில் குழைத்த குளுக்கோஸ் பவுடரையோ ஈறில் தடவுங்கள். நினைவில்லாத பூனையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். வலிப்பின்போது பல்லுக்கு நடுவே விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூனை தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். ஏனென்றால் போட்ட இன்சுலின் இன்னும் பல மணி நேரம் வேலை செய்யும்.

ஆரம்பத்தில் பார்த்த தம்பதியும் அடையாளம் தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பூனைக்குச் சாப்பாடு வைத்துவிட்டு அப்போதே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

பால் சாதம் வேண்டாமே!

நம் வீட்டுப் பூனைகளுக்குப் பால் சாதமும் தயிர் சாதமும்தான் பழக்கம். ஆனால் பூனை மாமிச உண்ணி. மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டினால் சர்க்கரை நன்றாகக் கட்டுப்படும். ஆனால் அன்றைக்கே மாற்றிவிடாதீர்கள். அரிசி குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும், பழைய அளவே அதிகமாகிவிடும். டாக்டரோடு பேசி, மெதுவாக மாற்றுங்கள்.

இன்னொரு சந்தோஷமான செய்தியும் உண்டு. சீக்கிரமே வைத்தியம் ஆரம்பித்த சில பூனைகளுக்குச் சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாமல் போவதுண்டு. அந்த நல்ல மாற்றத்தைக் கவனிக்காமல் பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் அதுவே ஆபத்தாகிவிடும். அதனால்தான் வீட்டுச் சோதனை அவசியம். காது ஓரத்தில் லேசாகக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து க்ளூக்கோமீட்டரில் பார்க்க டாக்டரிடம் கற்றுக்கொள்ளுங்கள். மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் கொஞ்சம் குறைத்தே காட்டும். ஆகவே எண்களைக் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள், அளவை நீங்களாக ஏற்றி இறக்க வேண்டாம்.

கடைசியாக, காசில்லாத ஒரு வைத்தியம்! சமையலறை காலண்டரில் அன்றைய கட்டத்தில் காலை ஒரு டிக், மாலை ஒரு டிக். ஊசி போட்டவரே, போட்ட கையோடு பேனாவை எடுக்க வேண்டும். அப்புறம் மிக்ஸி எவ்வளவு சத்தம் போட்டாலும் கவலையில்லை. "போட்டாச்சா?" என்ற கேள்விக்குக் காலண்டரே பதில் சொல்லிவிடும்!